பெயர் எவ்வளவு சொல்லலாம்? பைட்டோலித் பெயரிடல் நெறி: ஒரு மதிப்பீடு

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையை ஒட்டிய கடலடிப் படிவுகளில் புற்களின் சிலிக்காத் துகள்கள், அதாவது பைட்டோலித்கள், கிடக்கின்றன. அவற்றை எண்ணியே பண்டைய வறட்சியை மதிப்பிடலாம் என்று 1973-இல் டீஸ்டர்-ஹாஸ், ஷ்ரேடர், தீடே ஆகிய மூவர் காட்டினார்கள். வழி எளியது. சேண வடிவத் துகள்கள் வறண்ட வெளிகளில் வளரும் குட்டைப் புற்களுக்கு உரியவை. இருமடல் வடிவமும் சிலுவை வடிவமும் ஈரப்பாங்கான இடத்து உயரப் புற்களுக்கு உரியவை. மூன்றையும் கூட்டிப் பார்க்கும்போது சேணங்களின் விழுக்காடு ஏறினால் வறட்சி, இறங்கினால் ஈரம். 1997-இல் ஆன் அலெக்ஸாந்தரும் அவருடைய குழுவினரும் செனகல், காங்கோ நாடுகளின் ஏரிப் படிவுகளை இதே குறியீட்டால் படித்தார்கள். இன்றுவரை அது புழக்கத்தில் இருக்கிறது.

கணக்கில் பிழை இல்லை. கணக்குக்குள் போகும் பெயர்கள்தான் இடறுகின்றன. சேண வடிவம் மூங்கில்களிலும் உண்டு. மூங்கில்களில் பெரும்பாலானவை ஈரக்காட்டுத் தாவரங்கள். டோலோரஸ் பிப்பர்னோவும் டெபோரா பியர்சாலும் வெப்பமண்டல அமெரிக்கப் புற்களைப் பற்றி 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மூங்கிலின் சேணம் உயரம் கூடி நடுவே சரிந்ததுபோல் இருப்பதைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். அந்த வேறுபாட்டைப் பாராமல் எல்லாவற்றையும் ஒரே 'சேணம்' என்று எண்ணினால் மூங்கில் காடு பாலைவெளியாகக் கணக்கில் ஏறிவிடும். எதிர்த்திசையிலும் இதே ஆபத்து இருக்கிறது. வறண்ட மணல்வெளிகளில் வளரும் அரிஸ்டிடா புற்கள் இருமடல் துகள்களை உண்டாக்குகின்றன. அவற்றின் நடுத்தண்டு நீண்டிருக்கும். அதைக் கவனிக்காதவர் பாலையை ஈரநிலமாக எழுதுவார்.

ஆகவே இந்தத் துறையில் பெயரிடல் என்பது அட்டவணைக்குத் தலைப்பு எழுதும் வேலை அன்று. பெயர் தவறினால் அதன்மேல் நிற்கும் காலநிலை வரலாறு தவறும், வேளாண்மை வரலாறு தவறும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2005-இல் வெளிவந்தது பைட்டோலித் பெயரிடலுக்கான பன்னாட்டு நெறி. 2019-இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. இரண்டும் 'அன்னல்ஸ் ஆஃப் பாட்டனி' இதழில் வெளியாயின. அந்த நெறி தன் வேலையைச் செய்கிறதா என்பதே இங்கே என் கேள்வி.

முதலில் பொருளின் இயல்பு. மண்நீரில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை வேர்கள் உறிஞ்சுகின்றன. நீர் ஆவியாகி வெளியேறும் இடங்களில் அது ஒளிபுகும் சிலிக்காவாகத் திரண்டு, செல்லின் உட்புறத்தையோ சுவரையோ செல்களின் இடைவெளியையோ நிரப்புகிறது. நெல்லின் தண்டிலும் இலையிலும் உலர் எடையில் 10 விழுக்காடு வரை சிலிக்கா இருக்கலாம். செடி மக்கிய பிறகும் சிலிக்கா மிஞ்சும். மகரந்தம் அழிந்துபோகும் காற்றோட்டமான மண்ணிலும், தானியம் கரியாகாமல் போன அடுப்படியிலும், பானை ஒட்டிலும், பல்லில் படிந்த காரையிலும் பைட்டோலித் கிடைக்கிறது. அதன் மதிப்பு அங்கே இருக்கிறது.

சிக்கலும் அங்கேயே இருக்கிறது. ஒரே செடி பல வடிவங்களை உண்டாக்குகிறது: இலையில் ஒன்று, உமியில் இன்னொன்று, தண்டில் வேறொன்று. ஒரே வடிவத்தைத் தொடர்பில்லாத பல செடிகளும் உண்டாக்குகின்றன. மகரந்தத்தை எடுத்தால் ஒரு தாவர இனத்துக்கு ஏறத்தாழ ஒரு வடிவம் என்று தொடங்கலாம். பைட்டோலித்தில் அப்படித் தொடங்கவே முடியாது. எந்தப் பெயரிடல் முறையையும் இந்த இரட்டைத் தடையின் முன் நிறுத்தித்தான் எடைபோட வேண்டும்.

முதல் முயற்சி பெர்லினைச் சேர்ந்த கிறிஸ்டியன் காட்ஃப்ரீட் ஏரன்பர்க்கினுடையது. சார்லஸ் டார்வின் பீகிள் கப்பல் பயணத்தின்போது கேப் வெர்டே தீவுகளின் அருகே விழுந்த மெல்லிய தூசியைச் சேர்த்து அவருக்கு அனுப்பினார். ஐந்து சிறு பொட்டலங்களில் 67 உயிர்வடிவங்களை ஏரன்பர்க் கண்டார். அவற்றில் தாவரங்களின் சிலிக்காத் திசுக்களும் இருந்தன. அவற்றுக்கு 'ஃபைட்டோலித்தேரியா' என்ற பொதுப்பெயரையும், ஒவ்வொரு வடிவத்துக்கும் லித்தோஸ்டைலிடியம், லித்தோடான்டியம் போன்ற இலத்தீன் பெயர்களையும் தந்தார். உயிரினங்களுக்கு உரிய இரட்டைப் பெயர் முறையை, உயிரினத்தின் ஒரு துணுக்குக்கு அவர் பொருத்தினார். துகள்கள் எந்தச் செடியிலிருந்து வந்தன என்று அறிய வழியில்லாத காலத்தில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. ஆனால் அது செடியையும் சொல்லவில்லை, வடிவத்தையும் தெளிவாக வரையறுக்கவில்லை. அந்தப் பெயர்கள் பொதுப் புழக்கத்தில் நிலைக்கவில்லை.

அடுத்த பெரிய முயற்சியை நான் மிகவும் மதிக்கிறேன். அதே நேரத்தில் அதை நிராகரிக்கிறேன். 1969-இல் டுவிஸ், சூஸ், ஸ்மித் ஆகியோர் வட அமெரிக்கப் புற்களின் பைட்டோலித்களை 26 வகைகளாக்கி நான்கு வகுப்புகளில் அடக்கினார்கள். ஃபெஸ்டுகாய்டு 8, குளோரிடாய்டு 2, பேனிகாய்டு 11, நீள்வகை 5. முதல் மூன்றும் புற்குடும்பத்தின் துணைக்குடும்பப் பெயர்கள். மண்ணில் கிடைக்கும் தூசியிலிருந்து குளிர்நிலப் புல்வெளியா, வெப்பநிலப் புல்வெளியா என்று சொல்லும் வாய்ப்பை இந்த வகைப்பாடு முதன்முறையாகக் கைக்கெட்டும்படி செய்தது. வேறெந்தக் கட்டுரையும் அந்தத் தலைமுறையில் இத்தனை ஆய்வகங்களை இந்தத் துறைக்குள் இழுக்கவில்லை.

ஆனால் அது முடிவைப் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டது. வட்டமான, அடி அகன்று மேல் குறுகிய ஒரு துகளை 'ஃபெஸ்டுகாய்டு' என்று எழுதும் கணத்தில் 'இது குளிர்நிலப் புல்' என்ற தீர்ப்பும் எழுதப்பட்டுவிடுகிறது. அதே வட்ட வடிவம் மக்காச்சோளக் கதிரிலும் ஏராளமாக உண்டு. மக்காச்சோளம் பேனிகாய்டு புல். ஸ்டிப்பா புற்களின் துகளை மேலிருந்து பார்த்தால் அச்சு அசலாக இருமடல். பக்கவாட்டில் திருப்பினால்தான் அது சரிவகம் என்று தெரியும். திருப்பாதவர் அதைப் பேனிகாய்டு என்று எழுதுவார், ஸ்டிப்பாவோ குளிர்நிலப் புற்களின் கூட்டம். போதாக்குறைக்கு, தாவரவியலாளர்கள் துணைக்குடும்பங்களையே மாற்றி அமைத்தார்கள்; ஃபெஸ்டுகாய்டு என்ற பிரிவு இன்று அந்தப் பெயரில் இல்லை. சான்றுக்கு வைத்த பெயரில் முடிவை ஏற்றினால், பின்னால் வருபவர் அந்த முடிவைச் சோதிக்கவே முடியாது. அவர் கைக்கு வருவது துகள்களின் எண்ணிக்கை அன்று, முந்தையவர் செய்த ஊகங்களின் எண்ணிக்கை.

இதற்கு எதிர்வினையாக ஒவ்வோர் ஆய்வகமும் தனக்கென்று பெயர் வைத்துக்கொண்டது. இருமடல் துகள் ஒருவருக்கு 'டம்ப்பெல்', இன்னொருவருக்கு 'பைலோபேட்', வேறொருவருக்கு 'பேனிகாய்டு வகை'. இலை சுருளவும் விரியவும் உதவும் பெரிய செல்களில் உருவாகும் விசிறி வடிவத் துகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் இயக்கச் செல் சிலிக்கா என்றார்கள். மற்றவர்களிடம் அது விசிறி, ஆப்பு, சாவிக்கல் என்று பல பெயர் பெற்றது. ஒருவர் எண்ணியதை மற்றவர் எண்ணியதோடு சேர்க்க வழியில்லாமல் போனது.

2005-இல் மார்கோ மடெல்லா, ஆன் அலெக்ஸாந்தர், டெரி பால் ஆகியோர் பணிக்குழுவோடு சேர்ந்து வெளியிட்ட முதல் நெறி இந்த இடத்தில்தான் நுழைந்தது. அதன் மையக் கருத்து அழகானது. ஒரு துகளின் பெயர் அதிகம் போனால் மூன்று விவரங்களைக் கொண்டிருக்கும்: வடிவம், மேற்பரப்பின் தன்மை, எந்த வகைச் செல்லில் உருவானது என்பது. மூன்றாவது தெரியாவிட்டால் விட்டுவிடலாம். மகரந்தவியலாளர்களும் தாவர உள்ளமைப்பியலாளர்களும் முன்பே கூர்தீட்டி வைத்திருந்த சொற்களை எடுத்துக்கொண்டார்கள். பனைக் குடும்பத்தில் மலிந்திருக்கும் முள்ளுருண்டைத் துகள் 'குளோபுலர் எக்கினேட்' ஆயிற்று. அந்தப் பெயர் பனையைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதைக் கேட்டவர் துகளைக் கண்டால் அடையாளம் காண முடியும். அதன் பிறகு அது பனையா என்று வாதிடலாம். பெயரும் அடையாளமும் பிரிந்து நிற்கும் இந்த ஏற்பாடே 1969-க்கும் 2005-க்கும் இடையிலான முன்னேற்றம்.

ஆனால் மூன்றாவது விவரத்தில் முதல் நெறி தன் கொள்கையைத் தானே தளர்த்திக்கொண்டது. செங்கல் வடிவத் துகள் ஒன்றுக்கு 'பேரலல்எபிபெடல் பல்லிஃபார்ம் செல்' என்று பெயர் தந்தது. புல் இலையின் பெரிய செல்லில் அது உருவாகிறது என்பது உண்மைதான். அதே போன்ற கட்டித் துகள்கள் ஊசியிலை மரங்களிலும் வேறு மரங்களிலும் உருவாகின்றன என்பதும் உண்மை. மண்ணில் தனியே கிடக்கும் கட்டிக்கு அந்தப் பெயரைச் சூட்டினால், மரக்காடு புல்வெளியாக எழுதப்படக்கூடும். துணைக்குடும்பத்தின் பெயரில் டுவிஸ் செய்த அதே பிழை இங்கே செல்லின் பெயரில் திரும்பி வந்தது.

பன்னாட்டு பைட்டோலித் சங்கத்தின் கீழ் 2014-இல் அமைந்த பெயரிடல் குழு இதைக் கண்டுகொண்டது. கத்தரினா நாய்மன், கரோலின் ஸ்ட்ரோம்பெர்க், டெரி பால், ரோசா மரியா ஆல்பர்ட், லுக் வ்ரிடாக்ஸ், லிண்டா ஸ்காட் கமிங்ஸ் ஆகியோர் எழுதிய இரண்டாம் பதிப்பு, அடிக்கடி கிடைக்கும் 19 வடிவங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பெயர், வரையறை, விவரிப்பு, படம், பழைய பெயர்களின் வரலாறு, எப்படிப் பொருள்கொள்வது என்பவற்றைத் தந்தது. செங்கல் வடிவம் 'பிளாக்கி' ஆயிற்று. செல்லின் பெயர் கழன்றது. விசிறி வடிவம் 'பல்லிஃபார்ம் ஃபிளாபெல்லேட்' ஆயிற்று. அங்கே செல்லின் பெயர் நிலைத்தது, ஏனென்றால் அந்த வடிவம் வேறெங்கிருந்தும் வருவதாகத் தெரியவில்லை. நீர் கடத்தும் குழாய்ச் செல்லின் வார்ப்பு 'டிராக்கியரி' என்று இருக்கிறது. அதிலும் ஐயம் இல்லை. ஊசி, கொக்கி என்று இரண்டாகப் பிரிந்திருந்த முடிச்செல்கள் 'அக்யூட் பல்போசஸ்' என்ற ஒரே பெயருக்குள் வந்தன.

இதை முரண்பாடு என்று குறை சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. சில பெயர்களில் செல் இருக்கிறது, சிலவற்றில் இல்லை, எனவே நெறியில் ஒழுங்கு இல்லை என்பது அவர்கள் வாதம். ஒழுங்கு பெயரின் உருவத்தில் இருக்க வேண்டியதில்லை. அதன் நேர்மையில் இருந்தால் போதும். உறுதியாகத் தெரிந்தால் சொல், தெரியாவிட்டால் சொல்லாதே என்ற விதி 19 வடிவங்களிலும் ஒரே சீராக நடக்கிறது. என் பார்வையில் இரண்டாம் பதிப்பின் மிகப் பெரிய வெற்றி இதுவே.

எதிர்வாதங்களில் வலுவானது வேறொன்று. பதினான்கு ஆண்டுகளில் பெயர்களை மாற்றியது. 'குளோபுலர் எக்கினேட்' என்று எழுதப் பழகியவர் இப்போது 'ஸ்ஃபீராய்டு எக்கினேட்' என்று எழுத வேண்டும். உருண்டையை உருண்டை என்றே சொல்லும் இரண்டு சொற்களுக்கு இடையே மாற்றம் செய்ததால் என்ன பயன்? இங்கே என்னால் நெறியை முழுதாகக் காக்க முடியவில்லை. 'பிளாக்கி' போன்ற மாற்றம் ஒரு பிழையைத் திருத்தியது. அதற்கு விலை கொடுக்கலாம். ஒருமை கருதி மட்டும் செய்த மாற்றங்கள் பழைய எண்ணிக்கைகளுக்கும் புதியவற்றுக்கும் நடுவே ஒரு சுவரை எழுப்பின. பெயர் வரலாற்றை ஒவ்வொரு வடிவத்தோடும் சேர்த்துத் தந்ததால் அந்தச் சுவரில் வாசல் இருக்கிறது. ஆனாலும் வாசலைத் தேடிப் போகும் உழைப்பு வாசகர் தலையில்தான் விழுகிறது.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் சவால் இந்தியாவைச் சேர்ந்தது. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த டைனோசர்களின் புதைபடிவச் சாணத்தில் புல்லின் பைட்டோலித்கள் இருப்பதை வந்தனா பிரசாத், ஸ்ட்ரோம்பெர்க், அலிமொஹம்மதியன், அசோக் சாஹ்னி ஆகியோர் 2005-இல் 'சயன்ஸ்' இதழில் அறிவித்தார்கள். டைனோசர்கள் மறைந்த பிறகே புற்கள் பரவின என்று அதுவரை பரவலாக எண்ணப்பட்டது. அந்த எண்ணம் அன்றோடு ஆட்டம் கண்டது. 2011-இல் அதே களத்தின் தொடர்ச்சியாக நெல் கூட்டத்தின் தொன்மை பற்றிய கட்டுரை வந்தது. இவற்றில் பெயர்கள் வேறு முறையில் அமைந்தன: பிப்பர்னோவா பியர்சாலா, சாங்கீ இண்டிகம் என்று, ஏரன்பர்க் செய்ததைப் போல இரட்டை இலத்தீன் பெயர்கள். பைட்டோலித் நெறியை எழுதிய ஆறு பேரில் ஒருவரான ஸ்ட்ரோம்பெர்க்கின் பெயர் இந்தக் கட்டுரைகளிலும் இருக்கிறது. ஒரே ஆய்வாளர் இரண்டு முறைகளையும் கையாண்டது முரண் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புறத்தோல் துணுக்கில் சிலிக்காத் துகள்கள் தம் இடத்திலேயே வரிசையாக இருந்தால், கையில் இருப்பது செடியின் ஒரு பகுதி. அழிந்த இனத்தின் பெயரை அது தாங்கும். தனித்துக் கிடக்கும் துகள் தாங்காது. தனித் துகளுக்கு இரட்டைப் பெயர் சூட்டும்போது, வேறு செடியும் அதே வடிவத்தை உண்டாக்கியிருக்கலாம் என்ற வாய்ப்பு பெயரின் கம்பீரத்தில் மறைந்துவிடுகிறது. இந்த எல்லைக்கோட்டைப் பெயரிடல் நெறி இன்னும் அழுத்தமாகப் போட்டிருக்க வேண்டும்.

இனி நெறி எங்கே போதாமல் போகிறது என்பது. நெல்லை எடுத்துக்கொள்வோம். நெல் இலையின் விசிறித் துகளின் விளிம்பில் மீன்செதிள் போன்ற பதிவுகள் இருக்கும். பயிர் நெல்லில் அவை பெரும்பாலும் ஒன்பதோ அதற்கு மேலோ; காட்டு நெல்லில் பெரும்பாலும் அதற்குக் குறைவு. சீனாவின் கீழ் யாங்சியில் உள்ள ஷாங்ஷான் களத்தில், ஹோலோசீன் காலத்தின் தொடக்கத்திலேயே நெல்லைப் பயிராக்கும் போக்கு தொடங்கியது என்று 2017-இல் ஓர் ஆய்வுக்குழு வாதிட்டதற்கு இந்தச் செதிள்கள் முக்கியச் சான்று: அங்குக் கிடைத்த விசிறிகளில் ஏறத்தாழ 36 விழுக்காடு ஒன்பதுக்குக் குறையாதவை, இன்றைய காட்டு நெல்லில் அந்தப் பங்கு ஏறத்தாழ 17 விழுக்காடு. இந்த வாதத்தில் தனியொரு துகளுக்கு மதிப்பில்லை, தொகுதிக்குத்தான் மதிப்பு. 'பல்லிஃபார்ம் ஃபிளாபெல்லேட்' என்ற பெயர் இந்த வாதத்தின் வாசல்வரை வந்து நின்றுவிடுகிறது. உள்ளே நடப்பது அளவையும் எண்ணிக்கையும்.

தினைக்கும் பனிவரகுக்கும் இடையிலான வேறுபாடும் இப்படித்தான். லூ ஹௌயுவான் குழு 2009-இல் இரண்டின் உமியில் உள்ள அலைவிளிம்புகளை ஒமேகா, ஈட்டா என்ற கிரேக்க எழுத்துகளின் உருவத்தோடு ஒப்பிட்டுப் பிரித்தது. எக்குவடோரின் ரியல் ஆல்ட்டோவில் மக்காச்சோளம் பயிரிடப்பட்டதா என்று பியர்சால் 1978-இல் தொடங்கிய நீண்ட விவாதமும் சிலுவைத் துகளின் அளவையும் முப்பரிமாண வடிவையும் பற்றியது. தானியக் கதிரில் உருவாகும் 'எலாங்கேட் டென்டிரிட்டிக்' துகள்களின் பங்கை வைத்துக் களத்தில் தானியம் இருந்ததா என்று சொல்கிறார்கள். அதற்கு அடுத்த வீட்டில் 'எலாங்கேட் டென்டேட்' இருக்கிறது. பல் எங்கே முடிந்து கிளை எங்கே தொடங்குகிறது என்று இரண்டு ஆய்வாளர்கள் வேறுவேறாகக் கோடு போட்டால், ஒருவர் கண்ட களஞ்சியம் மற்றவருக்கு வெறும் புல்தரை.

பெயர்கள் வேண்டாம், அளவைகள் மட்டும் போதும் என்று சிலர் இதிலிருந்து முடிவுகட்டுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. எதை அளப்பது என்று தேர்வதற்கே முதலில் பெயர் வேண்டும். அளவையியலுக்கான குழு 2016-இல் தந்த பரிந்துரைகளும் பெயரிடல் நெறியும் ஒன்றையொன்று தாங்குபவை. குறை எதுவென்றால், இரண்டும் தனித்தனி ஆவணங்களாக இருப்பதால் பலர் பெயரிடல் நெறியைப் பின்பற்றிவிட்டு அளவைப் பரிந்துரைகளைத் தொடாமல் நின்றுவிடுகிறார்கள்.

நடைமுறையில் நிலைமை என்ன? எம்மா கரூன் 16 ஆய்விதழ்களிலிருந்து 341 கட்டுரைகளைப் பரிசீலித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் துறையில் உள்ளவர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. அவற்றில் 47 விழுக்காடு முதல் நெறியைப் பயன்படுத்தின. 74 விழுக்காட்டில் ஏதேனும் சில துகள்களின் படங்கள் இருந்தன. 53 விழுக்காடு ஏதோ ஒரு வடிவில் தரவைத் தந்தன. மற்றவர் எடுத்துப் பயன்படுத்தத்தக்க தரவைத் தந்தவை 4 விழுக்காடு. இந்த எண்களை வரிசையாகப் பார்த்தபோது என் மதிப்பீடு உறுதிப்பட்டது. பெயரில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒன்றுபட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர்களில் எண்ணியதை மற்றவர் எடுத்துச் சோதிக்க விடுபவர்கள் நூற்றில் நால்வர். ஒரே பெயரில் வேறுவேறு பொருள்கள் எண்ணப்பட்டால் அது பழைய குழப்பத்தைவிட மோசம், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லோரும் ஒத்துப்போவதுபோல் தெரியும்.

தாவரவியலில் ஓர் இனத்தின் பெயர் ஓர் உலர்மாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது. ஐயம் வந்தால் அந்த மாதிரியை எடுத்துப் பார்க்கலாம். பைட்டோலித் நெறியின் பெயர்கள் சொற்களோடும் படங்களோடும் மட்டுமே கட்டப்பட்டிருக்கின்றன. படம் ஒரு பக்கத்தைக் காட்டும். ஸ்டிப்பாவின் துகளைப் படத்தில் திருப்ப முடியாது. கனடா பால்சத்தில் இறுகிப்போன கண்ணாடி வில்லையிலும் திருப்ப முடியாது. எண்ணெயில் மிதக்கவிட்டால் முடியும். முப்பரிமாண வடிவைக் கேட்கும் ஒரு நெறி, துகளை எதில் பதித்துப் பார்த்தார்கள் என்பதையும், எத்தனை துகள்களைத் திருப்பிப் பார்த்து உறுதிசெய்தார்கள் என்பதையும் கட்டாயமாகக் கேட்க வேண்டும். இந்த இரண்டு வரிகளும் இல்லாத கட்டுரையில் 'இருமடல்' என்ற சொல்லை நான் நம்ப மாட்டேன்.

என் தீர்ப்பு இது. பெயர் என்ற அளவில் இரண்டாம் பதிப்பு சரியானது. வடிவத்தை மட்டும் சொல்லி, செடியைப் பற்றி மௌனம் காக்கும் அதன் முறையை எல்லோரும் ஏற்க வேண்டும். டுவிஸ் வகுப்புப் பெயர்களைப் புதிய கட்டுரைகளில் இன்னும் அச்சிடுவதை ஆய்விதழ்கள் நிறுத்த வேண்டும். விவரிப்பைத் தரப்படுத்துதல் என்ற அளவில் நெறி பாதித் தூரம்தான் வந்திருக்கிறது. எண்ணப்பட்ட ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது ஒரு படம், அளவுகள், பதித்த ஊடகம், துகள்களின் மூல எண்ணிக்கை அட்டவணை ஆகியவை இல்லாத கட்டுரையை, அது நெறியின் பெயர்களை எத்தனை சரியாக எழுதியிருந்தாலும், தரப்படுத்தப்பட்டது என்று கருத முடியாது. மூன்றாம் பதிப்பு வரும்போது இருபதாவது பெயரைத் தேடுவதற்கு முன், இருக்கும் 19-க்கும் பெயர் தெரிந்த செடியிலிருந்து எடுத்த சான்று வில்லைகளைக் குறைந்தது மூன்று கண்டங்களின் அருங்காட்சியகங்களில் வைத்து, அவற்றின் எண்களைப் பெயரோடு சேர்த்து அச்சிட வேண்டும்.